ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்!

பாஸ்டன் தோழர்களே!

2016 நவம்பர் 8 வாசலுக்கு வந்துவிட்டது. நாடே ஹிலாரியா, டிரம்பா என்று கிடக்கிறது. நம் ஊரின் கதையோ வாக்குச்சீட்டின் கடைசியில், ஐந்தாவது கேள்வியில் இருக்கிறது. எதிர்த்து வாக்களிப்பவரை எண்ணி எனக்குக் கவலை இல்லை. அதிபரைக் குறித்த கையோடு எழுந்து போகிறவரை எண்ணித்தான் கவலை.

கேட்பது இவ்வளவுதான்: எளியவர் வீட்டுவசதிக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் திறந்தவெளிக்குமாக, சொத்து வரியின் மீது 1 சதவீத மேல்வரி. வீட்டு மதிப்பில் முதல் 1,00,000 டாலருக்கு அது கிடையாது. வருமானம் குறைந்த வீட்டுக்காரருக்கும், குறைந்த அல்லது நடுத்தர வருமானமுள்ள முதியவருக்கும் அறவே கிடையாது. கழிவெல்லாம் போக உங்கள் வரி 2,400 டாலர் என்றால், ஆண்டுக்கு 24 டாலர். மாதம் இரண்டு.

2001இல் இதே கேள்வி வந்தது, தோற்றோம். அந்தத் தோல்விக்கு இன்றும் பணம் கட்டுகிறோம். பாஸ்டனில் வீட்டுப் பத்திரம் பதிந்தால் 20 டாலர், அடமானம் பதிந்தால் இன்னொரு 20 டாலர் மாநில நிதிக்குப் போகிறது. மேல்வரியை ஏற்ற ஊர்களுக்குத்தான் அந்த நிதியில் பங்கு. சார்லஸ் ஆற்றின் அக்கரையில் கேம்பிரிட்ஜ் 2001லேயே ஏற்றுக்கொண்டது. மாநிலத்தில் 160க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்துவிட்டன. முதல் சில ஆண்டுகள், மேல்வரியாகத் திரட்டிய டாலருக்கு டாலர் அந்த நிதியிலிருந்து அவற்றுக்குக் கிடைத்தது. ஊர்கள் பெருகப் பெருகப் பங்கு சுருங்கிவிட்டது. நாம் இறைத்த தண்ணீரில் பதினைந்து ஆண்டுகளாக அடுத்தவர் வயல் விளைகிறது!

“வரி என்றால் வாடகைக்காரர் தலையில்தானே விழும்?” என்று டார்செஸ்டரிலும் ராக்ஸ்பரியிலும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழுப்பாதீர்கள். மூன்றடுக்கு வீடு கைமாறியதும் வாடகை எவ்வளவு ஏறுகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்; அதன் பக்கத்தில் இந்த இரண்டு டாலரை வையுங்கள். வருகிற பணத்தில் 10 சதவீதமாவது எளியவர் வீட்டுவசதிக்கு, 10 சதவீதமாவது வரலாற்றுச் சின்னங்களுக்கு, 10 சதவீதமாவது திறந்தவெளிக்கும் விளையாட்டிடங்களுக்கும் என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. மீதியும் இந்த மூன்றைத் தாண்டிப் போகாது. இந்தப் பணத்துக்கென அமையும் குழுவை நடத்தும் சிறு செலவு மட்டும் விலக்கு. அந்தக் குழு பரிந்துரைத்து நகர மன்றம் ஒப்பினால்தான் ஒரு காசு நகரும்.

மாசசூசெட்ஸில் முதன்முறையாக முன்கூட்டியே வாக்களிக்கலாம். அதற்கு நவம்பர் 4 வரைதான் நேரம். அதனால் இன்று மாலையே கிளம்புங்கள். ஆளுக்குப் பத்துக் கதவு. மாடி ஏறுங்கள், கீழ்த்தளத்தோடு திரும்பாதீர்கள். துண்டறிக்கையைச் செருகிவிட்டு ஓடாதீர்கள். ஆளைப் பார்த்துப் பேசுங்கள். அதிபருக்கு யார் என்று யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். யாருக்குப் போட்டாலும் சரி, சீட்டின் அடிவரை வந்து ஐந்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று நிரப்பச் சொல்லுங்கள்.

அக்கரைக்கு ஓடும் தண்ணீரை நம் வயலுக்குத் திருப்புவோம். கிளம்புங்கள்!