உவமையும் சிமிலியும்

அரநாயக்க என்றதும் 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து கிராமங்கள் மண்ணில் புதைந்ததே பலருக்கும் நினைவுக்கு வரும். கேகாலை மாவட்டத்து அம்மலைப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் உண்டு. அவற்றை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அக்குடும்பத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் சாதாரண தரப் பரீட்சைக்கு அமர்வது எந்தப் பத்திரிகைக்கும் செய்தியாவதில்லை.

அண்மையில் அப்பக்கம் சென்றபோது, ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்த ஒரு மாணவியின் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். (தோட்டப்புறத்தில் இப்பாடத்தை எடுக்கும் துணிவே பெரிது.) சிமிலி, மெட்டஃபர், பெர்சொனிஃபிகேஷன், ஐரனி என வரிசையாக இலக்கிய உத்திகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வரைவிலக்கணம். கேட்டதும் தடங்கலின்றி ஒப்புவித்தார். "உவமை என்றால் என்ன?" என்று கேட்டேன். உவமேயம், உவமானம், உவம உருபு எனப் பிரித்துக் காட்டி உதாரணமும் சொன்னார். "இரண்டும் ஒன்றுதானே?" என்றேன். "அது தமிழ்ப் பாடம் சேர், இது இங்கிலீஷ்" என்றார்.

இந்தச் சுவரை எழுப்பியவர் அம்மாணவி அல்லர். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை எழுப்பிய சுவர் அது. வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் காதில் விழும் கொழும்புப் பிள்ளைக்கு அக்கொள்கை பொருந்தலாம். லயத்தில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசி வளரும் பிள்ளைக்கு அது இருக்கும் ஏணியையும் எடுத்துவிடுவதாகும்.

ஐரனியையே எடுத்துக்கொள்வோம். சாதாரண தர இலக்கியப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற கவிதைகளுள் அமெரிக்கரான ஸ்டீஃபன் கிரேன் எழுதிய 'வார் இஸ் கைண்ட்' ஒன்று. போரில் மாண்டவர்களின் காதலியையும் குழந்தையையும் தாயையும் அழ வேண்டாம் என்று தேற்றி, போர் அன்பானது என்கிறது அது. சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறொன்று. நம் பிள்ளைகளுக்கு இது புதிதா? அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன என்று புகழ்ந்தாரே, புறநானூற்றில்! எங்கள் அரசனின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். வஞ்சப்புகழ்ச்சியின் உச்சம் அது. வஞ்சப்புகழ்ச்சியும் ஐரனியும் முற்றாக ஒன்றல்ல, பின்னது இன்னும் விரிந்தது. ஆயினும் வாசலைத் திறக்க இது போதும்.

இலக்கணமும் அப்படியே. செயப்பாட்டு வினையில் தமிழ் 'ஆல்' உருபை இடும் இடத்தில் ஆங்கிலம் 'பை' என்கிறது. வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கேற்ப விகுதி மாற்றிப் பேசும் பிள்ளைக்கு, ஆங்கில நிகழ்கால வினையில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் எஞ்சி நிற்கும் ஒற்றை 'எஸ்' எழுத்தை விளக்குவது கடினமா? தமிழ் இடறும் இடமும் உண்டு. 'நேற்று வந்திருக்கிறான்' என்பது நமக்கு இயல்பான வாக்கியம். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'ஹேஸ் கம்' என்பதோடு 'யெஸ்டர்டே' சேர்த்தால் புள்ளி போய்விடும். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஆசிரியரே அதைத் திருத்த முடியும்.

அங்கேதான் சிக்கல் என்பார்கள். சப்ரகமுவவில் ஆங்கிலம் கற்பிப்பவர் சிங்களவராக இருந்தால் அவருக்குத் தமிழ் இலக்கணம் எப்படித் தெரியும்? இலக்கணத்தைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. அணிகளைப் பொறுத்தவரை வரலாறே விடை சொல்கிறது. காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய காவியாதர்சத்தைத் தழுவியே நமது தண்டியலங்காரம் எழுந்தது. அதே நூலைத் தழுவி எழுந்ததே சிங்களத்தின் 'சியபஸ்லகர'வும். சிங்கள ஆசிரியர் தம் பள்ளியில் படித்த உபமாவும் ரூபகமும் நம் பிள்ளை படிக்கும் உவமையும் உருவகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதுதான் விந்தை. 1987இன் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறது. இணைப்பு இப்படி இருக்கிறது.

தனியார் வகுப்புக்காரர்கள் வரைவிலக்கணங்களை அச்சடித்து விற்பதைக் குறை சொல்லிப் பயனில்லை. மகரகம தேசிய கல்வி நிறுவகம் ஒரேயொரு தாள் அச்சிடலாம். ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று நிரல்கள். இருபது இலக்கியச் சொற்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மாணவர் ஏற்கெனவே தம் மொழிப் பாடத்தில் படித்த ஓர் உதாரணம். பின்பக்கத்தில், தமிழ் பேசும் பிள்ளை வழக்கமாக இடறும் பத்து இலக்கண இடங்கள். பதினோராம் தரத்தின் கடைசித் தவணையில் அல்ல, பத்தாம் தரம் தொடங்கும் நாளிலேயே அது கையில் கிடைக்க வேண்டும்.