இளைப்புக்குத் தூசி மட்டும்தான் காரணமா?



எங்க மூலனூர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் உடனே சொல்வது, "தூசி சேரலைங்க", "பனி ஒத்துக்கலைங்க". பருத்தி ஏலம் நடக்கிற ஊர், மாவட்டம் முழுக்க நூல் மில், பனியன் கம்பெனி. தூசி மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் பிள்ளையின் எடையை யாரும் சந்தேகப்படுவதில்லை. 'இளைப்பு' என்று பேர் இருப்பதாலோ என்னவோ, அது இளைத்த பிள்ளைக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு!

அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. சரியான எடை உள்ளவர்களைவிட உடல்பருமன் உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் அபாயம் 26 சதவீதம் அதிகம் என்றது அது.

ஏன் அப்படி? வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும் கொழுப்பு நுரையீரலை முழுதாக விரிய விடாது. அதோடு, கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. லெப்டின் போன்ற பொருட்களைச் சுரந்து உடல் முழுக்க மெல்லிய அழற்சியை உண்டாக்குகிறது. மூச்சுக்குழாயும் அதற்குத் தப்புவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்கமான இன்ஹேலர் மருந்துகூட சில சமயம் குறைவாகத்தான் வேலை செய்கிறது.

இதற்காக குண்டான பிள்ளைகளுக்கெல்லாம் ஆஸ்துமா வரும் என்று அர்த்தமில்லை. ஒல்லியானவர்களுக்கும் வரும், பரம்பரையாகவும் வரும். மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமாவும் அல்ல. அதை ஊதவைத்துப் பரிசோதித்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என் கோபம் வேறு விஷயத்தில். வீசிங் உள்ள பிள்ளையை பி.டி. பீரியடில் என்ன செய்கிறோம்? "நீ ஓடாதே கண்ணு, பையைப் பார்த்துக்கிட்டு உக்காரு!" உட்கார்ந்தால் எடை ஏறும், எடை ஏறினால் மூச்சு இன்னும் இழுக்கும், அப்புறம் இன்னும் உட்கார வேண்டியதுதான். செக்குமாடு மாதிரி அதே வட்டம். இதில் "இன்ஹேலர் பழகிடும்" என்று பயந்து மாத்திரையையே கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை அடிக்கடி சாப்பிட்டால்தான் பசியும் எடையும் கூடும். இன்ஹேலரில் போவது மிகச் சிறிய அளவு, அதுவும் நேராக நுரையீரலுக்கு.

பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஷிப்ட் முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மா, பத்து ரூபாய் கொடுத்து "பப்ஸ் வாங்கிக்கோ" என்பதில் வியப்பில்லை. ஆனால் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. உங்கள் பள்ளி வாசலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளியில் வருடம் இரண்டு முறையாவது உயரமும் எடையும் பார்த்துப் பெற்றோரிடம் சொல்லட்டும். வீசிங் உள்ள பிள்ளைக்கு டாக்டர் சொன்ன மருந்தை ஒழுங்காகக் கொடுத்து, இன்ஹேலரை பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்து விளையாட விடுங்கள். எடை குறைந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் வருவது எளிதாகிறது. தயவுசெய்து 'குண்டா' என்று கூப்பிடுவதை நாமும் நிறுத்துவோம். கேலிக்குப் பயந்து மைதானத்துக்கே வராத பிள்ளைக்கு எந்த மருந்தும் முழுதாக உதவாது.

நீங்க என்ன நினைக்கிறீங்க?