4கே என்று அட்டையில் போட்டால் போதுமா?

"ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இருக்கு சார், 4கே ஓடும், கண்ணை மூடிட்டு வாங்குங்க." ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன போர்டுகளை டிவிக்குப் பின்னால் மாட்டச் சொல்லும் அன்பர்கள் எல்லோரும் பாடும் பல்லவி இது. எந்த வீடியோ ஃபார்மெட்டுக்கு ஆக்சிலரேஷன் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. வட்டி குறைவு என்று சொல்லிவிட்டு ஃபிக்ஸடா ஃப்ளோட்டிங்கா என்று சொல்லாமல் கையெழுத்து வாங்குகிற கதைதான்.

இந்த ஆக்சிலரேஷன் என்பது மந்திரம் இல்லை. வீடியோவைப் பிரிக்கிற வேலையை சிபியு தலையில் கட்டாமல், சிப்பில் அதற்கென்றே இருக்கும் தனி சர்க்யூட்டிடம் கொடுப்பது. ஹெச்.264-க்கு என்று செய்த சர்க்யூட் ஹெச்.264-ஐத்தான் பிரிக்கும். அப்டேட் போட்டு அதற்கு ஏவி1 சொல்லிக்கொடுக்க முடியாது.

2012-ல் வந்த முதல் பையில் ஹெச்.264-ஐ 1080பி வரை சிப்பே பார்த்துக்கொண்டது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தமிழ்ப்பட டிவிடிக்கள் எல்லாம் எம்பெக்-2. அதற்கான சர்க்யூட்டும் சிப்பில் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது! காப்புரிமைக் கட்டணம். 2.40 பவுண்டு கட்டினால் போர்டின் சீரியல் நம்பரோடு கட்டிப்போட்ட ஒரு சாவி தருவார்கள். அன்றைக்கு இதைத் திட்டாத ஆளில்லை. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை. எது இலவசம், எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்களே.

இப்போது பாருங்கள். 2019-ன் பை 4 ஹெச்.265-ஐ 4கே-யில் ஓட்டும், ஹெச்.264 என்றால் 1080பி-யோடு சரி. 2023-ல் வந்த பை 5-ல் ஹெச்.265 மட்டும்தான் மிச்சம், ஹெச்.264 சர்க்யூட்டையே எடுத்துவிட்டார்கள். சிபியு வேகமானது, அதுவே சமாளிக்கும் என்பது அவர்கள் வாதம். 1080பி வரைக்கும் அது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் அதை ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்று விற்கக்கூடாது, இல்லையா?

யூட்யூப் கதை இன்னும் மோசம். அங்கே 1080பி-க்கு மேலே போனால் விபி9, ஏவி1 தான். இரண்டுக்குமே எந்தப் பையிலும் சர்க்யூட் கிடையாது. அட்டையில் இருக்கும் 4கே பல இடத்தில் ஹெச்டிஎம்ஐ வழியாக வெளியே போகும் படத்தின் அளவு. அந்த அளவு வீடியோவைப் பிரிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பதுதான் எனக்குக் கடுப்பு.

கடன் வாங்குகிறவர் கையில் எல்லாச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் கொடு என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயமாக்கியது. போர்டு விற்கிறவர்களும் ஃபார்மெட், அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று மூன்று வரி போடட்டுமே! காசா பணமா?

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் இருக்கும் வீடியோக்களில் நாலைந்தை விஎல்சி-யில் ஓட்டி, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் பாருங்கள். பெரும்பாலும் 1080பி ஹெச்.264 என்றால் பழைய பை 4 தாராளம், பை 5-க்குக் கூடுதலாக அழ வேண்டாம். ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் 4கே கேட்கிறவர்கள், ஹெச்.265-ல் வேண்டும் என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள் :-)