ஆசிரியர் மலையேறட்டும்!

அறுந்த நூலை முடியத் தெரியாத ஒருவர் மில்லுக்கு மேஸ்திரியாக வந்து, "உனக்கு நான் வேலை கற்றுத் தருகிறேன்" என்றால், சைடு பார்க்கும் தொழிலாளி என்ன செய்வார்? வாய்க்குள் சிரித்துக்கொள்வார். விவசாயம் சொல்லித் தர வருகிறவர்களைப் பார்த்து நம் விவசாயத் தொழிலாளியும் இப்படித்தான் சிரித்துக்கொள்கிறார். குற்றம் அந்த வாலிபர்கள் மீதல்ல. அவர்களை யாரிடம் படிக்க அனுப்புகிறோம் என்பதில்தான் கோளாறு.

1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-ல் கோவைக்குப் போயிற்று. 1971-ல் அதுவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் கல்லூரிகளில் இன்று படிக்கிறவர்களிலிருந்துதான் நாளைய விவசாய ஆசிரியர்கள் வரவேண்டும். படிக்கும்போதே இவர்கள் அகில இந்தியச் சுற்றுலா போகிறார்கள். பிற மாநிலங்களின் கல்லூரிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் பார்க்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். நாலு இடம் பார்க்காத ஆசிரியர் நாலு பேருக்கு என்ன சொல்ல முடியும்?

கடைசி வருஷத்தில் ஊரக வேளாண் பணி அனுபவப் பயிற்சி என்று கிராமங்களுக்கும் வருகிறார்கள். இதையும் வரவேற்கிறோம். ஆனால் வந்து என்ன நடக்கிறது? மாணவர் விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்; விவசாயி சுற்றி நின்று பார்க்கிறார்; பத்திரிகையில் படம் வருகிறது. விவசாயி செய்து காட்ட, மாணவர் சுற்றி நின்று கற்றுக்கொள்ளும் படத்தை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. இங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரல்ல, தமிழ் பேசும் மலை மக்கள். கல்லும் சரிவுமான புன்செய்யில், வானத்தை மட்டுமே நம்பி, சாமை விளைவிக்கிறார்கள். எந்தச் சரிவில் எந்த மழைக்கு விதைப்பது, எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்பது களையெடுக்கும் பெண்களின் கைக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பட்டியலில் ஏறியிருக்கும் ஒரு கிழவி, விதையைப் பொறுத்தவரை ஒரு கல்லூரி!

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. சாமைக்குப் பட்டணத்தில் மவுசு வந்தது. விளைவித்தவருக்கு என்ன வந்தது? மலையில் கூலி கிடைக்காமல் வாலிபர்கள் வெளியே போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றதே, அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். இந்த மலையின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே விவசாயக் கல்வியும், மலையிலேயே ஜீவனத்துக்கு வழியும் வேண்டுமென்று நாம் கேட்பது இதனால்தான்.

முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கியூபாவைக் காட்டுகிறோம். 1961-ல் அங்கே சுமார் 1 லட்சம் மாணவ வாலிபர்கள் மலைகளுக்கும் கிராமங்களுக்கும் போனார்கள். குடியானவர் குடிசையில் தங்கினார்கள். பகலில் அவர்களோடு வயலில் இறங்கினார்கள். இரவில் லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் 7 லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். போன வாலிபர்களோ உழைப்பைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பயணம் இரண்டு பக்கமும் பாடம் நடந்த பயணம்.

நமது கோரிக்கைகள் எளியவை. விவசாய ஆசிரியராகப் போகிறவர் விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு சாமைப் போகமாவது மலையில் தங்கிப் படிக்கட்டும். போகம் முழுவதற்கும் மூன்று, நான்கு மாதம்தான். சொல்லித் தரும் உழவனுக்கும் களையெடுக்கும் பெண்ணுக்கும் அந்நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். பேராசிரியர் இனாமாகவா பாடம் நடத்துகிறார்? மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் விவசாயப் பாடமும், அதற்கு நிலமும், நிரந்தர ஆசிரியரும் வேண்டும். அந்த ஆசிரியர் வேலைக்கு மலைப் பிள்ளைகளே வர வழி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், 2006 வன உரிமைச் சட்டப்படி அனுபவ நிலத்துக்கு உரிமைப் பட்டா பாக்கியில்லாமல் கொடுக்க வேண்டும். காலடி மண் சொந்தமில்லாதவனுக்கு மண்வளப் பாடம் நடத்துவது, பசித்தவனுக்குச் சமையல் புத்தகம் கொடுப்பது போன்றது.

தோழர்களே! உங்கள் ஊருக்குப் பயிற்சி மாணவர்கள் வந்தால் ஒதுங்கி நின்று சிரிக்காதீர்கள். அவர்களும் நம்மைப்போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான். கையைப் பிடித்து வயலுக்குள் அழைத்துப் போங்கள். களைக்கொத்தை அவர்கள் கையில் கொடுங்கள். கூலி என்ன, குத்தகை என்ன, கடன் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கணக்கும் தெரிந்தவரே முழு விவசாய ஆசிரியர்.