மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு தெரபிஸ்ட் வருவாரா?

வீக்எண்டில் ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி போனவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், கண்ணைக் கூசவைக்கும் பாத்திகள். வண்டியை ஓரங்கட்டி நாலு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்தப் பாத்திகளில் விடிவதற்குள் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கு மனசு சரியில்லை என்றால், யாரிடம் போவார்கள்?

நமக்கு ஆப் இருக்கிறது. சில ஆபீஸ்களில் கவுன்சலிங் வசதிகூட இருக்கிறது. ஆனாலும் சென்னையில் ஒரு செஷனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்றதும் நாமே மூணாவது செஷனுக்கு யோசிக்கிறோம். உப்பளத் தொழிலாளிக்கு அது சில நாள் கூலி. புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பஸ் ஏறினால் அன்றைய வேலையும் போச்சு.

உப்புத் தொழிலில் மழைக்காலம் என்றால் வேலை இல்லாத காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் மூழ்கும். கடன், சும்மா இருப்பது, வீட்டுச் சண்டை, குடி எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் மாதங்கள் இவை. உற்பத்தி இல்லாத இந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், பணம் அடுப்பை எரிய வைக்கும், தூக்கத்தைத் தராது.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் காய்ச்சினார்கள், யார் விற்றார்கள் என்று பேசினோம். 10 லட்ச ரூபாய் நிவாரணம் சரியா, தப்பா என்று சோஷியல் மீடியாவில் சண்டை போட்டோம். குடிக்கிற மனிதன் அதை நிறுத்த நினைத்தால், அவன் ஊரிலேயே உட்கார்ந்து பேச ஓர் ஆள் உண்டா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

தெரபி ஏன் இவ்வளவு காஸ்ட்லி?

தெரபிஸ்ட்டை உருவாக்கும் செலவு ஒரு முக்கியக் காரணம். உளப்பகுப்பாய்வில், அதாவது ஃப்ராய்டு தொடங்கிவைத்த சைக்கோஅனாலிசிஸில், இது இன்னும் அதிகம். பயிற்சிக்கு வருபவர் முதலில் தானே இன்னொருவரிடம் வருடக்கணக்கில் பகுப்பாய்வுக்கு உட்கார வேண்டும். கூடவே பாடம் படிக்க வேண்டும். பிறகு, தான் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூத்தவரிடம் பேசித் தன் தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் கைக்காசு போட்டவர் படித்து முடித்ததும் எங்கே கிளினிக் போடுவார்? நுங்கம்பாக்கத்திலா, மரக்காணத்திலா? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பயிற்சி முறை பணக்காரர்களுக்காகப் பிறந்தது அல்ல. 1918-ல் புடாபெஸ்ட் மாநாட்டில் ஃப்ராய்டு, அறுவை சிகிச்சைக்கு ஏழைக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதே அளவு மன சிகிச்சைக்கும் இருக்கிறது என்று வாதிட்டார். 1920-ல் பெர்லினில் ஒரு கிளினிக் திறந்தார்கள். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள், இல்லாதவர்களுக்கு இலவசம். மேலே சொன்ன மூன்று படிப் பயிற்சி உருவானதும் அதே கட்டடத்தில்தான். மலிவான சிகிச்சை கொடுத்தவர்களில் பயிற்சியில் இருந்தவர்களும் உண்டு.

இந்தியாவும் பின்தங்கி இருக்கவில்லை. 1922-லேயே கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1933-ல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி.கர்) மனநலப் புறநோயாளிகள் பிரிவு வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம், 'எஹ்சாஸ்' என்ற குறைந்த கட்டண கிளினிக்கைத் தன் உளப்பகுப்பாய்வுப் படிப்போடு சேர்த்தே நடத்தியது. தமிழகத்துக்கு வேண்டியதும் இப்படி ஓர் ஏற்பாடுதான்: பயிற்சி பெறுபவருக்கு அரசு உதவித்தொகை கொடுக்கட்டும். அவர் வாரத்தில் இரண்டு நாள் இந்தக் கடற்கரையில் உட்காரட்டும்.

இத்தனை பேரை எங்கே பிடிப்பது?

நியாயமான சந்தேகம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் 10.6% பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. முழுப் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே நம்பினால் இந்த ஜென்மத்தில் முடியாது. கூட்டம் கூட்டமாக மக்கள் வரும்போது உளப்பகுப்பாய்வுத் தங்கத்தில் செம்பு கலக்க வேண்டிவரும் என்று ஃப்ராய்டே அந்த உரையில் ஒப்புக்கொண்டார். செம்பு சேர்க்காமல் நகை நிற்காது என்பதை நம்மூர் ஆசாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கோவாவில் 'சங்கத்' அமைப்பு செய்து காட்டியது இதைத்தான். உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இவர்களில் 64% பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39%. குடிப்பழக்கத்துக்கான தனி ஆய்வில் 36%, 26%. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் எக்கியார்குப்பம் போன்ற ஊரில் அது சில குடும்பங்கள். இரண்டும் 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தவை.

இது உளப்பகுப்பாய்வு அல்ல, அதைவிட எளிமையான பேச்சு சிகிச்சை. ஆனால் ஓர் அம்சம் அப்படியே அங்கிருந்து வந்ததுபோல இருக்கும். பதிவு செய்த அமர்வுகளை எல்லோரும் சேர்ந்து கேட்டு, எங்கே அவசரப்பட்டோம், எங்கே சும்மா அறிவுரை சொன்னோம் என்று வாராவாரம் அலசினார்கள். நம்மூர்த் திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். மூன்று நாள் பயிற்சி, ஒரு சர்டிஃபிகேட், குரூப் போட்டோ, அதோடு சரி. கேட்கிறவரைக் கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால், ஆறு மாதத்தில் அவரும் களைத்துப்போவார்.

ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பி.பி., சுகர் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். "நெஞ்சு படபடன்னு வருதும்மா", "ராத்திரி தூக்கமே இல்ல" என்ற வார்த்தைகள் முதலில் விழுவது அவர்கள் காதில்தான். 'டிப்ரஷன்' என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்குக் கூடுதல் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்து, உதவித்தொகையில் வரும் தெரபிஸ்ட்டை மேற்பார்வையாளராகப் போடலாம். இலவசமாக இன்னொரு வேலையை அவர்கள் தலையில் கட்டுவதென்றால் வேண்டவே வேண்டாம்.

14416 டெலி மானஸ் எண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், சேமித்து வையுங்கள். ஆனால் வாராவாரம் அதே நாற்காலியில் அதே முகம் என்பது வேறு விஷயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், கட்டுப்படியாகும் சிகிச்சையை உரிமை என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம் என்கிறது. எனவே இது தர்மம் கேட்பது அல்ல.

ஒரு சின்ன விஷயம், திட்டம் போடுகிறவர்கள் கவனத்துக்கு. அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. காலையில் நடக்கும். உப்பளத்தில் வேலை நடப்பதும் அதே நேரத்தில்தான். மரக்காணத்தில் அந்த அறையைத் திறந்தால், மதியம் மூன்று மணிக்குத் திறங்கள். கதவைச் சாத்த முடிகிற அறையாக இருக்கட்டும்.