பூக்கூடையும் பழைய சைக்கிளும்



சென்ற இதழில் இந்தப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதியவர்களுக்கும் போன் செய்தவர்களுக்கும் நன்றி. தை மாதக் கடைசியில் என் அம்மா காலமானார். வயது 80. மகன் பிள்ளைகளுக்கு அப்பத்தா, மகள் பிள்ளைகளுக்கு அம்மாயி, ஊருக்குச் சைக்கிள்காரம்மா.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம். முல்லையும் மல்லியும் கனகாம்பரமும் விளைகிற மண். அப்பா 1989-இல் தவறியபோது அம்மாவுக்கு 45 வயது. அரை ஏக்கர் பூக்கொல்லையும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் மிச்சம். அப்பாவின் சைக்கிள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. டயர் இரண்டும் தரையோடு படிந்து, ஹேண்டில்பாரில் கோழி அடையும். அதை விற்றுவிடலாம் என்று யார் சொன்னாலும் அம்மா பதில் சொல்ல மாட்டார்.

1991-இல் மாவட்டம் முழுவதும், பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கேரளத்தின் எர்ணாகுளம் முந்தின வருஷமே முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகியிருந்தது. அந்த வேகம் இங்கேயும் தொற்றியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு பைசா வாங்காமல் ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் நடந்தது. ‘பட்டா’ என்ற சொல்லில் எழுத்தைத் தொடங்கிவைத்தார்கள். ஒரு துண்டு நிலத்துக்காக அலுவலகப் படி ஏறி இறங்கியவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. பூத்தொடுத்த விரலால் அம்மா பலகையில் ‘ப’ போட்டதை நான் பார்த்திருக்கிறேன். நாருக்கு முடிச்சுப் போடுவதுபோல ஒவ்வொரு கோட்டையும் இழுத்து நிறுத்துவார்.

அடுத்ததாகச் சைக்கிள் வந்தது. ஒரு பெண் தானாக நாலு ஊர் போய்வர முடிந்தால் படிப்பும் நிலைக்கும் என்று இயக்கத்துக்காரர்கள் நினைத்தார்கள். இன்றைக்கும் எனக்கு அதைவிடச் சரியான யோசனை தோன்றவில்லை. லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது பெரும் தட்டுப்பாடு. அதனால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். குறுக்குக் கம்பி இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்ததற்கு மாறாக, பிள்ளையை உட்கார வைக்க அதுதான் தோது என்று பெண்களே சொன்னார்கள். குவாரியில் கல் உடைக்கப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் சாயங்காலமானால் மைதானத்தில் விழுந்து எழுந்தார்கள். இயக்கத்தைச் சேர்ந்த முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு தெருவெல்லாம் கேட்டது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்தார்கள். இந்தச் சங்கதியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, 1996-இல் வந்த அவருடைய புத்தகத்தில் சேர்த்தார். உலகம் முழுக்கப் படித்தார்கள். இதே புதுக்கோட்டையில்தான், ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரிக்கு முத்துலட்சுமி என்ற பெண் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்கப் போனார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனவர் அவர். ஒரே ஊர், நடுவில் 90 வருஷம்கூட இல்லை.

அம்மா அப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்தது அந்த 1992 மாசியில். நான் அப்போது திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தவன் பார்த்தது, அம்மா பின்கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கையில் சிராய்ப்போடு, என் தங்கை சீட்டைப் பிடித்து ஓடி வர, கண்மாய்க் கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்ததைத்தான். “இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது? ஊரு என்ன பேசும்?” என்று கேட்டேன். படித்தவன் கேட்ட கேள்வி. அம்மா ஒரு காலை ஊன்றி நின்று, “பூ வாடிப்போவுதுய்யா” என்றார்.

அந்தப் பதில் எனக்கு விளங்கப் பல நாளாயிற்று. பூ விடிவதற்குள் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வாடிவிடும், எடையும் குறையும், விலையும் இறங்கும். எங்கள் ஊரிலிருந்து கீரமங்கலம் பூக்கடைக்கு 6 கிலோமீட்டர். முதல் பஸ் வருவதற்குள் நேரமாகிவிடும் என்பதால் வழியில் வந்து வாங்குகிறவர் சொன்ன விலைக்கே அம்மா மூன்று வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வந்த பிறகு ஈரத்துணி சுற்றிய கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, இருட்டோடு கிளம்பி, கமிஷன் கடைத் தராசு முன்னால் முதல் ஆளாக நிற்பார். எடையைத் தானே படித்து நோட்டில் குறிப்பார். என்னுடைய கடைசி வருஷப் பரீட்சைக் கட்டணம் அந்த நோட்டிலிருந்து வந்தது.

இன்னொரு நாள். ஒரு வங்கியில் பாரத்தை நீட்டினார். வழக்கம்போல மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்கள். அம்மா அதை மெதுவாகத் திருப்பித் தள்ளிவிட்டு, “பேனா குடுங்க தம்பி” என்றார். கையெழுத்துப் போட ரொம்ப நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டு முடித்ததும் எழுத்துகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

பேரப்பிள்ளைகள் வந்த பிறகு குறுக்குக் கம்பியில் துண்டைச் சுற்றி மெத்தை செய்தார். ஐந்து பேரும் அதில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள். முழங்கால் வலி வந்த பிறகு ஏறி ஓட்டவில்லை. ஆனால் கூடையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடப்பார்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் தாத்தா காலத்துப் பலா நான்கும் போயின. நாங்கள் வெட்டிப்போட்ட கிளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 74 வயது அம்மா, உறவுக்காரர் வீட்டிலிருந்து பலாக்கொட்டை வாங்கி வந்து, அடுத்த மாசியில் அதே குழிகளுக்குப் பக்கத்தில் ஊன்றினார். காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று பேத்தி கேட்டதற்கு, “நீ பிளஸ் ஒன் போறப்ப பாரு” என்றார்.

அறிவொளியில் படித்தவர்களையும் சைக்கிள் பழகியவர்களையும் அன்றைக்குக் கணக்கெடுத்தார்கள். அவர்கள் அதற்குப் பிறகு எங்கெங்கே போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பூக்கடைக்கு, பிள்ளைகளின் கல்லூரிக்கு, மனு கொடுக்க, மாத்திரை வாங்க, இன்னும் எங்கெல்லாமோ போயிருப்பார்கள். இன்று அவர்கள் எல்லோரும் அப்பத்தாக்கள், அம்மாயிகள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அவர் கையாலேயே நாலு வரி எழுதித் தந்தால், எழுத்து எப்படியிருந்தாலும் அப்படியே அச்சிடுகிறேன். பக்கம் எத்தனை வேண்டுமோ ஒதுக்குகிறேன்.

பேத்தி இந்த ஜூனில் பிளஸ் ஒன் போகிறாள். அரசாங்கச் சைக்கிள் கிடைக்கும். அது வரும்வரை அப்பத்தா சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறாள். கொல்லையில் ஒரு பலாக்கன்று மட்டும் தையிலேயே பிஞ்சு விட்டிருந்தது. அடிமரத்தில், கைக்கெட்டும் உயரத்தில். அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்புடன்,
ஆசிரியர்