பல்பு அட்டையில் அச்சிட்ட ஆயுள்

எல்.இ.டி. பல்பின் அட்டையில் காணப்படும் 25,000 மணி நேரம், தினம் 5 மணி நேரக் கணக்கில் 13 ஆண்டுகளைத் தாண்டும். பொதுவாக அந்த எண், வெளிச்சம் 70 சதவீதமாக மங்க எடுக்கும் காலத்தையே குறிக்கிறது. அதுவரை பல்பு அணையாது என்ற உறுதியை அல்ல. ஒளி தரும் சில்லு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். முதலில் பழுதாவது, அடிப்பகுதியில் அடைபட்டிருக்கும் டிரைவர் சர்க்யூட், குறிப்பாக அதிலுள்ள கெப்பாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிய பல்பு சீக்கிரம் போவது இதனால்தான். முந்தைய சி.எஃப்.எல். விளக்குக்கு எமன் வேறு: அடிக்கடி போட்டு அணைப்பது. குளியலறைக்கு அது பொருந்தாத சரக்கு. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் எல்.இ.டி. பல்புக்கு 3 ஆண்டு உத்தரவாதம் தரப்பட்டது. வாங்குபவருக்கு மணிக்கணக்கைவிட உத்தரவாதக் காலமே பயன்படும், ரசீதைத் தொலைக்காமலிருந்தால்.